எடுத்த உடனே ஜாக்கெட்டா? வீட்டிலேயே தையல் பழக ஆறு சின்ன வேலைகள்

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் பல வீடுகளின் கூடத்து மூலையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். துணி போட்டு மூடிய தையல் மெஷின். அதன்மேல் பழைய பேப்பர் கட்டு, செல்போன் சார்ஜர், மடிக்காத துணிகள். அம்மா வீட்டில் இருந்து வந்ததாக இருக்கலாம், ஆசைப்பட்டு வாங்கியதாகவும் இருக்கலாம். கேட்டால் ஒரே பதில்தான் வரும். “கத்துக்கலாம்னு ஆரம்பிச்சேன்... ஜாக்கெட் சரியா வரல... அப்படியே விட்டுட்டேன்!”

சரியாக வராததற்குக் காரணம் பெரும்பாலும் கையில் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது. தையலில் கடினமான வேலைகளில் ஒன்று ஜாக்கெட். அதைக் கடைசியில் வைத்துவிட்டு, வீட்டுக்கு உடனே பயன்படும் சின்னச் சின்னப் பொருட்களில் தொடங்கினால் தையல் கைக்கு வந்துவிடும். எதில் தொடங்குவது, ஒவ்வொன்றிலும் என்ன கற்றுக்கொள்கிறோம், எங்கே தப்பு நடக்கும் என்று பார்ப்போம்.

ஜாக்கெட் ஏன் முதலில் வேண்டாம்?

ஒரு ஜாக்கெட்டில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உடம்பு அளவு எடுக்க வேண்டும். கழுத்து வளைவு, கைக்குழி வளைவு, டக், லைனிங், கிராஸ் பீஸ், பட்டி, ஹூக், காஜா என்று வேலை நீள்கிறது. இதில் கால் இஞ்ச் தவறினாலும் போட்டவுடன் தெரிந்துவிடும். நேராக ஒரு தையல் அடிக்கவே கை பழகாத நிலையில், இத்தனையையும் ஒரே நாளில், அதுவும் நல்ல துணியில் செய்தால் என்ன ஆகும்? துணி வீணாகும். அதோடு “நமக்கு இதெல்லாம் வராது” என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்ளும்.

சின்ன வேலையில் இந்தச் சிக்கல் இல்லை. பை கொஞ்சம் கோணலாக வந்தாலும் காய்கறி வாங்க எடுத்துப் போகலாம். பிழைக்கு இடம் கொடுக்கும் பொருள்தான் பழகுபவருக்கு நல்லது.

நேர்க்கோட்டுத் தையலைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரில் வண்ணவண்ணமாகத் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒட்டுத்துணி வேலைப்பாடு எவ்வளவு இருந்தாலும், அதன் அடிப்படை நீளத் துணியை உருளையாகச் சேர்த்து அடித்த நேர்த்தையல்தான்.

மெஷின் வாங்கியே ஆகணுமா?

வேண்டியதில்லை. கீழே சொல்லப்போகும் ஆறு வேலைகளையும் கைத்தையலிலேயே செய்து முடிக்கலாம். அதற்கு மூன்று தையல் தெரிந்தால் போதும்.

ஓட்டுத்தையல்: ஊசியை மேலும் கீழும் ஓட்டிப் போவது. துணிகளைத் தற்காலிகமாக இணைக்கப் பயன்படும்.

பின்தையல்: ஒரு தையல் முன்னே போய், பாதி பின்னே வந்து, மறுபடி முன்னே போவது. மெஷின் தையலுக்கு அடுத்தபடி உறுதியானது. பைக்கு இதுதான் வேண்டும்.

எம்மிங்: மடித்த ஓரத்தை உள்பக்கமாகப் பிடித்துத் தைப்பது. வெளியே ஒரு புள்ளி அளவுக்குத்தான் நூல் தெரியும். சேலைக்கு ஃபால்ஸ் வைக்க இது தேவை.

வீட்டில் பழைய மிதி மெஷின் இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். தூசி தட்டி, ஷட்டில் பகுதியில் சேர்ந்திருக்கும் நூல் பிசிறை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, எண்ணெய் விடும் துளைகளில் தையல் மெஷின் எண்ணெயை ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள். சமையல் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடக்கூடாது. அது பிசுக்காகிப் பிடித்துக்கொள்ளும். பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஊசி பழையதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

என்னென்ன வாங்கணும்? எங்கே?

பட்டியல் சின்னதுதான். துணி வெட்டுவதற்கு மட்டும் ஒரு கத்தரிக்கோல் (அதில் பேப்பர் வெட்டினால் முனை மழுங்கும்), இஞ்சு டேப், தையல் சாக்பீஸ், குண்டூசி, கைத்தையல் ஊசி, வெள்ளை, கறுப்பு, மஞ்சள் நூல்கண்டு, தையல் பிரிக்கும் ஊசி, இரண்டு மூன்று பாபின். தையல் பிரிக்கும் ஊசியை மறக்காதீர்கள். ஆரம்பத்தில் தைப்பதைவிடப் பிரிப்பதுதான் அதிகமாக இருக்கும்!

மெஷின் ஊசியில் நம்பர் பார்த்து வாங்க வேண்டும். மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் போன்ற கனமான துணிக்கு 16.

திருச்சியில் இவை கிடைக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள பெரிய கடைவீதி, சின்னக் கடைவீதி, தெப்பக்குளம், என்.எஸ்.பி. ரோடு. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் 1-ம் நம்பர் பஸ் பிடித்துச் சத்திரத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

துணியைப் பொறுத்தவரை முதல் ஆறு வேலைக்கும் பருத்தியே போதும். பருத்தி வழுக்காது, மடித்தால் மடிப்பு நிற்கும், இஸ்திரிக்கு அடங்கும். சில்க், ஷிஃபான், ஜார்ஜெட் எல்லாம் மெஷினில் நழுவி ஓடும். பருத்தி இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய பருத்தித் துணியைச் சொல்கிறது. அந்த அர்கரு நம்ம உறையூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

புதுத்துணியை வெட்டும் முன் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் அளவு போய்விடும், தையல் ஓரம் சுருக்கம் தட்டும்.

முதல் மூன்று நாள்: நூல் வேண்டாம்

மெஷினில் உட்கார்ந்ததும் நூல் கோக்காதீர்கள். முதல் நாள் மிதி மட்டும். மெஷினின் சக்கரம் உங்களை நோக்கிச் சுற்ற வேண்டும். மிதி மெஷினில் புதியவர்களுக்கு இது அடிக்கடி பின்னால் ஓடும். பின்னால் ஓடினால் நூல் அறுந்துவிடும். சக்கரத்தைக் கையால் லேசாக முன்னுக்குச் சுழற்றிவிட்டு, உடனே காலால் மிதிக்கப் பழகுங்கள்.

இரண்டாம் நாள் கோடு போட்ட நோட்டுத் தாள். ஊசி இருக்கட்டும், நூல் வேண்டாம். தாளின் கோட்டின் மேலேயே ஓட்டைகள் விழும்படி ஓட்டுங்கள். கோட்டைவிட்டு எங்கே விலகுகிறீர்கள் என்று ஓட்டையே காட்டிக் கொடுக்கும். ஊசியைப் பார்த்துக்கொண்டே தைத்தால் கோணலாகும். அமுக்குப் பாதத்தின் ஓரத்தையும் கோட்டையும் பார்த்துத் தைத்தால் நேராக வரும்.

மூன்றாம் நாள் சதுரமும் வட்டமும். மூலை வந்ததும் ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கித் தொடர வேண்டும். தாளில் பழகிய ஊசியைத் துணிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், முனை மழுங்கியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: நூல் கோக்கும்போதும் ஊசி மாற்றும்போதும் மிதியில் கால் இருக்கக்கூடாது. மோட்டார் மெஷின் என்றால் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

ஆறு சின்ன வேலைகள்

வாரம் ஒன்று போதும். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

1. பிடிதுணி (நேர்க்கோடு, மூலை)

அடுப்பில் இருந்து பாத்திரம் இறக்கும் துணிதான். பழைய பருத்தித் துண்டையோ கைலியையோ 8 இஞ்ச் சதுரமாக நான்கு துண்டு வெட்டி அடுக்குங்கள். சுற்றிலும் ஒரு தையல். பிறகு ஒரு இஞ்ச் இடைவெளியில் நெடுக்கே கோடுகள், அதன் குறுக்கே கோடுகள். இத்தனை நேர்க்கோடுகள் அடித்து முடிக்கும்போது கை தானாக நிதானத்துக்கு வந்துவிடும். பாலியஸ்டர் கலந்த துணியைப் பயன்படுத்தக்கூடாது. சூட்டில் உருகி கையில் ஒட்டும்.

2. மஞ்சப்பை (மடிப்பு, உறுதி)

தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பர் 23-ல் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. கல்யாண வீட்டிலும் ஜவுளிக் கடையிலும் கொடுத்த அந்தப் பையைவிட நல்லதாக நீங்களே தைக்கலாம்.

14 இஞ்ச் அகலம், 16 இஞ்ச் உயரப் பைக்கு 15 இஞ்ச் அகலம், 35 இஞ்ச் நீளத்தில் ஒரே துண்டு காடாத்துணி வேண்டும். கைப்பிடிக்கு 4 இஞ்ச் அகலம், 20 இஞ்ச் நீளத்தில் இரண்டு பட்டி. ஒரு மீட்டர் துணி தாராளம்.

முதலில் பட்டிகளை நான்காக மடித்து, ஒரு இஞ்ச் அகலமாக்கி இருபுறமும் தையல் அடியுங்கள். பெரிய துண்டின் இரண்டு குறுகிய முனைகளையும் முதலில் அரை இஞ்ச், பிறகு ஒரு இஞ்ச் மடித்து இஸ்திரி போடுங்கள். கைப்பிடியின் முனைகளை அந்த மடிப்புக்குள் செருகித் தைக்க வேண்டும். கைப்பிடி சேரும் இடத்தில் சதுரம் அடித்து, அதற்குள் பெருக்கல் குறிபோல் தையல் போட்டால் பிய்யாது. பிறகு துணியை உள்பக்கம் வெளியே தெரியும்படி இரண்டாக மடித்து, இரு பக்கமும் அரை இஞ்ச் விட்டு அடியுங்கள். அதற்குக் கால் இஞ்ச் வெளியே இன்னொரு தையல். திருப்பினால் பை.

3. தலையணை உறை (அளவுக் கணக்கு)

ஜிப், பட்டன் எதுவும் இல்லாத உறை. கணக்கு எளிது. அகலத்துக்கு ஒரு இஞ்ச் கூட்ட வேண்டும். நீளத்தை இரண்டால் பெருக்கி, உள்ளே மடங்கும் மூடிக்கு 6 இஞ்ச், ஓர மடிப்புகளுக்கு 2 இஞ்ச் சேர்க்க வேண்டும். 16-க்கு 24 இஞ்ச் தலையணை என்றால் துணி 17-க்கு 56 இஞ்ச்.

இரண்டு குறுகிய முனைகளையும் மடித்து அடியுங்கள். நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, ஒரு முனையை 24 இஞ்ச் மடியுங்கள். மீதி இருக்கும் 6 இஞ்சை அதன்மேல் மூடிபோல் மடியுங்கள். இரு பக்கமும் அரை இஞ்ச் விட்டுத் தைத்துத் திருப்பினால் மூடி உள்ளே போய்விடும். ‘வெட்டுவதற்கு முன் கணக்கு’ என்ற பழக்கம் இங்கேதான் வரும். இந்தப் பழக்கம் இல்லாமல் ஜாக்கெட் இல்லை.

4. சுருக்குப்பை (நாடா நுழைக்கும் மடிப்பு)

பாட்டிகளின் இடுப்பில் வெற்றிலை பாக்கோடும் சில்லறையோடும் இருந்த அதே பை. 7-க்கு 9 இஞ்ச் துண்டு இரண்டு. மஞ்சப்பையில் மிஞ்சிய துணியே போதும். நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி வைத்து இரு பக்கமும் அடியும் தையுங்கள். மேலே இருந்து இரண்டரை இஞ்ச் வரை பக்கங்களைத் தைக்காமல் விட வேண்டும். அந்த ஓரங்களை உள்ளே மடித்து அடித்துவிட்டு, மேல் விளிம்பை முதலில் கால் இஞ்ச், பிறகு ஒரு இஞ்ச் மடித்து, மடிப்பின் கீழ் ஓரத்தில் தைத்தால் நாடாவுக்கு வழி தயார். ஊக்கின் முனையில் நாடாவைக் கட்டி, ஒரு பக்கம் இருந்து ஒன்று, எதிர்ப்பக்கம் இருந்து ஒன்று நுழையுங்கள்.

இதே மடிப்புதான் உள்பாவாடையிலும் வருகிறது.

5. குழந்தைக்கு எலாஸ்டிக் பாவாடை (முதல் உடை)

இடுப்பு 20 இஞ்ச், உயரம் 16 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கம் வர வேண்டும் என்பதால் துணியின் அகலம் இடுப்பைப்போல் இரண்டு மடங்கு, தையலுக்கு ஒரு இஞ்ச். ஆக 41. உயரத்தில் எலாஸ்டிக் மடிப்புக்கு ஒன்றேகால், கீழ் மடிப்புக்கு ஒன்றேமுக்கால். ஆக 19. 44 இஞ்ச் அகலத் துணியில் அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக வாங்கினால் போதும்.

பக்கத்தைச் சேர்த்து அடித்து, கீழே மடித்து, மேலே எலாஸ்டிக் வழியை இரண்டு இஞ்ச் இடைவெளி விட்டுத் தையுங்கள். முக்கால் இஞ்ச் எலாஸ்டிக் 19 இஞ்ச் வெட்டி நுழைத்து, முனைகளை ஒரு இஞ்ச் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அடித்து, இடைவெளியை மூடுங்கள். கீழ் மடிப்பை இன்னும் அகலமாக விட்டால், பிள்ளை வளரும்போது பிரித்து இறக்கிவிடலாம்.

6. சேலைக்கு ஃபால்ஸ் (கைத்தையல்)

முந்தைய ஐந்தும் முடித்த பிறகு நல்ல சேலையில் கை வைக்கலாம். ஃபால்ஸ் துணியை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். இதைத் தவிர்த்தால் முதல் துவைப்பிலேயே சேலையின் கீழ் ஓரம் சுருங்கி நிற்கும். முந்தானைக்கு எதிர்முனையில், இடுப்பில் செருகும் பக்கம் ஒரு சாண் விட்டுத் தொடங்குங்கள். சேலையை மேசையிலோ தரையிலோ தளர்வாக விரித்து, ஓட்டுத்தையலில் பிடித்த பிறகு எம்மிங். மடியில் வைத்து இழுத்துத் தைத்தால் சேலை ஒரு பக்கம் இழுபட்டுப் போகும்.

தப்பு எங்கே நடக்குது?

“மெஷின் சரியில்ல” என்று சொல்வதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

- துணிக்கு அடியில் நூல் கூடுபோல் சிக்குகிறதா? பிரச்சினை பெரும்பாலும் கீழே இல்லை, மேலே. மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்குள் உட்காரவில்லை. பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி முதலில் இருந்து நூல் கோருங்கள்.
- மேல்பக்கத்தில் பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா? மேல் டென்ஷன் இறுக்கம். கொஞ்சம் தளர்த்துங்கள். மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்று இரண்டு நிற நூலில் அடித்துப் பார்த்தால் எது எங்கே வருகிறது என்று தெளிவாகத் தெரியும்.
- தையல் விட்டுவிட்டு விழுகிறதா? ஊசி வளைந்திருக்கும், அல்லது தட்டைப் பக்கம் மாறியிருக்கும். உங்கள் மெஷினுக்குத் தட்டைப் பக்கம் எந்தத் திசை என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.
- ஆரம்பத்திலேயே நூல் உருவிக்கொண்டு வருகிறதா? இரண்டு நூலையும் மூன்று நான்கு இஞ்ச் இழுத்துப் பாதத்துக்குப் பின்னால் விட்டுத் தொடங்குங்கள்.
- தையல் மிக நெருக்கமா? ஒரு இஞ்சுக்குப் பத்துத் தையல் அளவில் வையுங்கள். பிரிக்கவும் எளிது.
- துணி கோணுகிறதா? கையால் இழுக்கிறீர்கள். துணியை நகர்த்துவது கீழே இருக்கும் பற்களின் வேலை. கை வழிகாட்டினால் போதும்.

இப்போ ஜாக்கெட்டுக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் முதல் ஜாக்கெட்டுக்குப் புத்தகத்து அளவு வேண்டாம். உங்களுக்கு நன்றாகப் பொருந்தி, பழசாகிவிட்ட ஒரு ஜாக்கெட்டைத் தையல் தையலாகப் பிரித்துப் போடுங்கள். எந்தத் துண்டு எந்த வடிவம், எங்கே நேர் வெட்டு, எங்கே கிராஸ் வெட்டு, டக் எங்கே முடிகிறது என்று அதுவே பாடம் சொல்லும். துண்டுகளை இஸ்திரி போட்டுப் பேப்பரில் வரைந்துகொண்டு, முதலில் பழைய பருத்திச் சேலைத் துணியில் தைத்துப் பாருங்கள். அது பொருந்திய பிறகு நல்ல துணியை வெட்டுங்கள்.

கைக்கு வந்தது கைக்காசு ஆகுமா?

ஆகும், ஒரே நாளில் அல்ல. ஆரம்ப வருமானம் ஜாக்கெட்டில் வர வேண்டும் என்பதும் இல்லை. ஃபால்ஸ் வைப்பது, ஓரம் அடிப்பது, பேன்ட் உயரம் குறைப்பது, ஹூக் கட்டுவது, பை தைப்பது என்று தெருவுக்குள்ளேயே வேலை இருக்கிறது. மணப்பாறை அருகே உள்ள புத்தாநத்தம் ரெடிமேட் ஆடைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அரசுப் பள்ளி மாணவர்களின் விலையில்லாச் சீருடைகளைத் தைப்பதில் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பங்கு உண்டு. அங்கெல்லாம் முதலில் கேட்பது நேராக, சீராக, வேகமாக அடிக்கும் கை.

சான்றிதழ் வேண்டுமென்றால் வழிகள் உண்டு. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் தையல் பயிற்சி இலவசம். ஐ.டி.ஐ.களில் தையல் தொழில்நுட்பம் ஓராண்டுப் படிப்பு. தையலுக்கு லோயர், ஹையர் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளும் இருக்கின்றன.

இந்தச் சான்றிதழுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆதரவற்ற பெண்கள், கணவரை இழந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்த குடும்பத்துப் பெண்கள் ஆகியோருக்குச் சமூக நலத்துறை, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் மெஷின் வழங்குகிறது. வயது, வருமானச் சான்றுகளோடு தையல் தெரியும் என்பதற்கான சான்றும் கேட்கிறார்கள். “மெஷின் கிடைக்கட்டும், அப்புறம் கத்துக்கலாம்” என்று காத்திருப்பவர்களுக்கு இது தலைகீழ் வரிசை. கற்ற பிறகுதான் மெஷின். அதனால்தான் கையில் ஒரு ஊசியும் பழைய துணியும் இருக்கும்போதே தொடங்கச் சொல்கிறோம். விண்ணப்ப விவரங்களை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், விதிகள் அவ்வப்போது மாறும்.

கடைசியாக ஒரு பரீட்சை

நீங்கள் தைத்த மஞ்சப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு, ஒரு இரவு முழுக்க ஆணியில் மாட்டி வையுங்கள். காலையில் தையல் பிரியாமல் இருந்தால், அதே பையோடு காந்தி மார்க்கெட்டுக்குக் கிளம்பலாம். பிரிந்திருந்தால் எங்கே பிரிந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் கைப்பிடி சேரும் இடமாகத்தான் இருக்கும். அந்த ஒரு இடத்தை மட்டும் பிரித்து, சதுரமும் பெருக்கல் குறியும் போட்டு மறுபடி அடியுங்கள். பிறகு மெஷின்மேல் இருக்கும் பேப்பர் கட்டையும் சார்ஜரையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த வாரம் தலையணை உறை இருக்கிறதே!